நான்காம் அத்தியாயம்: கிராண்ட் ரோடில் இறங்குவதற்கு முன்

தாராவியில் இருப்பவர் மாஹிம் நிலையத்திலும், மாட்டுங்காவில் இருப்பவர் மாட்டுங்கா ரோடு நிலையத்திலும் ஸ்லோ லோகல் ஏறி நேராகவும், செம்பூரில் இருப்பவர் குர்லாவிலும் தாதரிலும் வண்டி மாறியும் வந்து இறங்குகிற கிராண்ட் ரோடு நிலையத்தின் கிழக்கே, சில நிமிஷ நடைதூரத்தில், மும்பையின் கணினிச் சந்தை இருக்கிறது. 1903 முதல் 1907 வரை பம்பாய் கவர்னராக இருந்த லாமிங்டன் பிரபுவின் பெயரால் வழங்கிவந்த அவ்வீதிக்கு டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது இன்றைய அதிகாரபூர்வமான பெயராயினும், வாங்குவோரும் விற்போரும் லாமிங்டன் ரோடு என்றே சொல்கின்றனர். சென்னைக்கு ரிச்சி தெருவும், பெங்களூருக்கு எஸ்.பி. ரோடும், தில்லிக்கு நேரு பிளேசும் எப்படியோ, அப்படியே மும்பைக்கு இந்த வீதி. உறுப்பு உறுப்பாகத் தேர்ந்து ஒரு விளையாட்டுக் கணினியை அசெம்பிள் செய்துகொள்ள விரும்பும் இளைஞரும், பிள்ளையின் ஆசைக்கு இணங்கிப் பல மாதச் சேமிப்போடு உடன் வரும் தகப்பனாரும், இவ்வீதியில் காலெடுத்து வைப்பதற்கு முன்பே தேர்வு முழுவதையும் வீட்டில், காகிதத்தில், நிதானமாக முடித்திருக்க வேண்டும்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. கடையின் கண்ணாடிக்குப் பின்னால் வர்ண விளக்குகளோடு சுழலும் விசிறிகளையும், மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட கேபினெட்டையும் கண்டபின் தீர்மானம் செய்கிறவர், கையிலிருக்கும் பணத்தில் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரிகிற உறுப்புகளில் செலவழித்துவிட்டு, மிஞ்சிய சொற்பத்தைக் கொண்டு, மின்சாரம் வழங்குவதும் கண்ணுக்குத் தெரியாததுமான எஸ்.எம்.பி.எஸ்.ஸை வாங்குகிறார், யந்திரத்தின் ஆயுளை நிர்ணயிப்பதோ பெரும்பாலும் அந்தக் கடைசி உறுப்புத்தான். ஆகையால் இந்த அத்தியாயம் கடைக்காரர் காட்டுகிற வரிசையை விட்டு வேறொரு வரிசையில் செல்கிறது. ஆடப்போகும் விளையாட்டு எது, அதைக் காணும் திரை எது, அந்தத் திரையை நிரப்பும் கிராபிக்ஸ் கார்டு எது, அதற்கு ஈடுகொடுக்கும் பிராசசர் எது, இவற்றுக்கெல்லாம் வேண்டிய மின்சாரம் எவ்வழியாக வருகிறது, இவை எழுப்பும் உஷ்ணம் எவ்வழியாக வெளியேறுகிறது என்ற கேள்விகளை இந்த வரிசையிலேயே கேட்டு விடை எழுதிக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன்.

விளையாட்டுகளில் கணினியின் உழைப்பைப் பொறுத்தவரை இரண்டு இனங்கள் உண்டு. வாலரண்ட், கவுண்டர்-ஸ்டிரைக் 2 முதலிய போட்டி விளையாட்டுகள் ஓர் இனம். இவற்றில் காட்சியின் அழகைவிடக் காட்சி மாறும் வேகமே பிரதானம். இவ்விரண்டுக்கும் மும்பையிலேயே சர்வர்கள் இருப்பதால், இந்நகரில் நல்ல பிராட்பேண்ட் வைத்திருப்பவருக்கு இணையத் தாமதம் மிகச் சொற்பமாகவே இருக்கும். எனவே மிச்சமுள்ள தாமதம் பெரும்பாலும் அவருடைய கணினியிலும் திரையிலும்தான் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு காட்சி மறைந்து அடுத்தது வரச் சுமார் 16.7 மில்லி வினாடி ஆகிறது. 165 ஹெர்ட்ஸ் திரையில் அது ஏறத்தாழ 6 மில்லி வினாடியாகக் குறைகிறது. 2020-இல் வெளிவந்த சைபர்பங்க் 2077 போன்ற கதை விளையாட்டுகள் மற்றோர் இனம். இவற்றில் ஒளி, நிழல், மழைநீரில் பிரதிபலிக்கும் வீதி விளக்கு ஆகிய ஒவ்வொன்றையும் கணக்கிட்டு வரைவதிலேயே கிராபிக்ஸ் கார்டின் முழுச் சக்தியும் செலவாகிவிடும். முதல் இனத்தையே பிரதானமாக ஆடப்போகிறவர் பிராசசரிலும் வேகமான திரையிலும், இரண்டாம் இனத்தை விரும்புகிறவர் கிராபிக்ஸ் கார்டிலும் சற்று அதிகமாகச் செலவழிப்பது நியாயம்.

திரையை முதலில் நிச்சயிக்க வேண்டும் என்பதற்கும் இதே தர்க்கந்தான். 1920-க்கு 1080 என்ற அளவுள்ள திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகளும், 2560-க்கு 1440 என்ற அளவுள்ளதில் சுமார் 37 லட்சம் புள்ளிகளும் இருக்கின்றன. அத்தனை புள்ளிகளையும் ஒவ்வொரு காட்சிக்கும் புதிதாக வரைய வேண்டியது கிராபிக்ஸ் கார்டின் கடமை. தாராவியின் பத்தடிக் கோலியிலும் மாட்டுங்காவின் பழைய கட்டடங்களில் சாளரத்தோரம் ஒதுக்கிய மேசையிலும் கண்ணுக்கும் திரைக்கும் இடையே இரண்டடிக்குமேல் கிடைப்பது அரிது. அந்தத் தூரத்துக்கு 24 அங்குல, 1080 அளவுள்ள ஐ.பி.எஸ். திரை தாராளமாகப் போதும் என்பது என் அபிப்பிராயம். 27 அங்குலம் வேண்டுமென்பவர் 1440-க்குப் போவதே முறை, ஏனெனில் அந்த அளவில் 1080-இன் புள்ளிகள் அருகிலிருந்து பார்க்கையில் தனித்தனியே தெரியத் தொடங்கும்.

இனி கிராபிக்ஸ் கார்டு. திரையின் விலையை நீக்கிவிட்டு மீதியைக் கணக்கிட்டால், மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இந்த ஓர் உறுப்புக்கே ஒதுக்குவது தகும். இங்கே வாசகர் விசேஷ ஜாக்கிரதையோடு இருக்க வேண்டிய விஷயம் ஒன்றுண்டு. 2025-இல் வெளிவந்த என்விடியா ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ, ஏஎம்டி ஆர்.எக்ஸ். 9060 எக்ஸ்.டி. ஆகிய இரண்டும் ஒரே பெயரில் 8 ஜிபி நினைவகத்தோடும் 16 ஜிபி நினைவகத்தோடும் விற்கப்படுகின்றன. பெயரை மட்டும் கேட்டு விலை குறைவென்று மகிழ்ந்து வாங்குகிறவர் கைக்கு 8 ஜிபி கார்டே வந்துசேரும். புதிய கதை விளையாட்டுகளில் காட்சித் தரத்தை உயர்த்தும்போது அந்த 8 ஜிபி நிரம்பிவிட, மிஞ்சியதை மதர்போர்டின் ராமிலிருந்து ஸ்லாட் வழியாக இழுத்துவர நேர்வதால், சராசரி வேகம் கணக்கில் நன்றாகத் தெரிந்தாலும் ஆட்டம் நடுநடுவே திக்கித் திக்கி நிற்கும். 5060 டிஐ எட்டுத் தடங்களையே பயன்படுத்துவதால், பழைய பிசிஐஇ 3.0 மதர்போர்டில் செருகினால் இக்குறை இன்னும் அதிகமாக வெளிப்படும். வாலரண்டைத் தவிர வேறெதுவும் ஆடப்போவதில்லை என்று உறுதியாகச் சொல்கிறவருக்கு 8 ஜிபி போதும். மற்றவர் நான்கைந்து ஆண்டு வைத்திருக்க உத்தேசித்தால் 16 ஜிபிக்குச் செலவழிக்கும் அதிகப் பணம் வீண்போகாது.

பழைய கார்டு வாங்குவதை நான் முற்றிலும் தடுக்கமாட்டேன். ஈத்தீரியம் நாணயத்தை கிராபிக்ஸ் கார்டுகளால் தோண்டியெடுக்கும் முறை 2022 செப்டம்பர் 15-ஆம் தேதியோடு முடிவுக்கு வந்தபின், அதுவரை இரவுபகலாக ஓடிய கார்டுகள் உலகெங்கும் சந்தைக்கு வந்தன. அவற்றில் சில இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. சிப் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தேய்ந்திருப்பது விசிறியின் பேரிங்கும், காய்ந்திருப்பது தெர்மல் பேஸ்டும். கடையிலேயே அரைமணி நேரம் முழு உழைப்பில் ஓடவிட்டு, உஷ்ணத்தையும் விசிறியின் சத்தத்தையும் கவனித்த பிறகே பேரம் பேசவேண்டும். ஓடவிட்டுக் காட்ட மறுக்கிறவரிடம் எவ்வளவு மலிவாயினும் வாங்காதீர்கள்.

பிராசசர் விஷயத்தில் இன்று நடுத்தரப் பட்ஜெட்டுக்கு இரண்டு மார்க்கங்கள் இருக்கின்றன. ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 5 5600, டிடிஆர்4 ராமோடு வேலை செய்வது. ஏஎம்5 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 5 7600, டிடிஆர்5 ராம் மட்டுமே ஏற்பது. இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட் கொண்டவை. இரண்டுமே பெட்டியில் கூலரோடு வருபவை. ஏஎம்4 என்பது 2016-இல் தோன்றித் தன் காலத்தை ஏறக்குறைய முடித்துக்கொண்டது; 2022-இல் வந்த ஏஎம்5-க்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தொடரும் என்று ஏஎம்டி வாக்களித்திருக்கிறது. எனவே மதர்போர்டை வைத்துக்கொண்டு மூன்றாண்டு கழித்துப் பிராசசரை மட்டும் மாற்றலாம் என்ற யோசனை உடையவர் ஏஎம்5-க்கே போகவேண்டும். அவருக்கு அன்று 96 எம்பி எல்3 கேஷ் உள்ள ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற ஒன்று குறைந்த விலையில் கிடைக்கக்கூடும், அந்தப் பெரிய கேஷ் போட்டி விளையாட்டுகளுக்கு மிகுந்த பயன் தருவது. பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் வைத்திருக்கிறவருக்கோ ஏஎம்4 மார்க்கமே சிக்கனம். இன்டெல் பிராசசர் வாங்குகிறவர் பெயரின் இறுதியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லை என்பதை அறிந்து வாங்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு பழுதாகிச் சர்வீசுக்குப் போன நாட்களில் அத்தகைய கணினியில் திரையே வராது. இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைப் பெரிய பிராசசர்களில் மின்னழுத்தக் கோளாறு ஒன்று கண்டறியப்பட்டு, 2024 ஆகஸ்டில் அதற்கான மைக்ரோகோட் திருத்தம் வெளியிடப்பட்டு, வாரண்டியும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. பயன்படுத்திய 13700கே, 14900கே முதலியவற்றை எவரேனும் மலிவாகத் தர முன்வந்தால் அவை திருத்தத்துக்கு முன் எவ்வளவு காலம் ஓடின என்று அறிய வழியில்லை, விட்டுவிடுவதே விவேகம்.

மதர்போர்டைப் பற்றி நீண்ட வியாக்கியானம் வேண்டியதில்லை. ஏஎம்5 மார்க்கத்தின் ஆறு கோர் பிராசசருக்கு பி650 அல்லது பி850 வகையில், மின்சாரப் பகுதியின்மேல் உலோக ஹீட்சிங்க் பதித்த, நான்கு ராம் ஸ்லாட்டும் இரண்டு எம்.2 ஸ்லாட்டும் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டு போதும். ஆனால் வாங்கும் நேரத்தில் செய்யவேண்டிய ஒரு பரிசோதனையை விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஏஎம்5-இலும் இன்டெலிலும் ஊசிகள் பிராசசரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. ஏஎம்5 சாக்கெட்டில் அவை 1,718. கடைக்காரர் முன்னிலையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லி, சாக்கெட்டின் கருப்பு மூடியை எடுக்கச் செய்து, கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் போர்டை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நேரான ஊசிகள் எல்லாம் ஒரே திசையில், ஒரே அளவாக மின்னும். வளைந்த ஊசி அந்த ஒழுங்கான வரிசையில் ஒரு கரும்புள்ளியாகவோ, அளவுக்கு மீறிய ஒளிப்பொட்டாகவோ உடனே தனித்துத் தெரியும். வளைந்த ஊசியை வாரண்டி ஏற்பதில்லை. கடையைவிட்டு வெளியே வந்தபின் அது யாரால் வளைந்தது என்று நிரூபிக்க ஒருவராலும் இயலாது. போர்டு நெடுநாள் கடையில் இருந்ததாயின், நீங்கள் வாங்கும் பிராசசரை அது அடையாளம் கண்டுகொள்ளும்படி பயாஸைப் புதுப்பித்துத் தரச் சொல்வதும் அப்போதே செய்யவேண்டிய காரியம்.

ராமின் விலை, செயற்கை நுண்ணறிவு நிலையங்களின் பெருந்தேவை காரணமாக, 2025-இன் பிற்பகுதியிலிருந்து கடுமையாக ஏறியிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் ராம்களைச் சாதாரண ஜனங்களுக்கு விற்பதையே நிறுத்திக்கொள்வதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. இந்நிலையில் 32 ஜிபி வாங்கு என்று எல்லாருக்கும் உபதேசிப்பது பொறுப்பற்ற பேச்சு. 16 ஜிபி இன்றைக்குப் போதும். டிடிஆர்4 ஆயின் இரண்டு 8 ஜிபியாக வாங்கி இரட்டைப் பாதையில் ஓடவிடுங்கள். டிடிஆர்5 ஆயின் ஒரே 16 ஜிபியை இப்போது வாங்கி, விலை தணிந்தபின் அதே மாதிரியில் மற்றொன்றைச் சேர்த்துக்கொள்வதும் ஒரு வழி, ஆனால் அதுவரை வேகத்தில் சிறிது இழக்க நேரும். இரண்டு ராம்களையும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில் செருகவேண்டும். அசெம்பிள் செய்யும் பையன் அவசரத்தில் முதலிரண்டு ஸ்லாட்டிலும் அடுத்தடுத்துச் செருகிவிட்டால் இரட்டைப் பாதையின் பயன் கிடைக்காது. பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காவிட்டால், 6000 என்று பணம் கொடுத்து வாங்கிய ராம் 4800-லேயே ஓடிக்கொண்டிருக்கும்.

எஸ்.எஸ்.டி. 1 டிபி வாங்குங்கள். பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபிக்குமேல் பிடிக்கிற காலம் இது. பிசிஐஇ ஜென் 3-க்கும் ஜென் 4-க்கும் விளையாட்டில் தெரியும் வித்தியாசம் சொற்பம்.

இந்த அத்தியாயத்தின் மையமான விஷயத்துக்கு இப்போது வருகிறேன். கேபினெட்டோடு சேர்த்து இலவசம்போல் தரப்படுகிற எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்கக் கற்றுக்கொண்டவர் இந்நூலின் பாதிப் பயனை அடைந்தவராவார். அதில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 450 அல்லது 500 என்ற எண்ணைப் பொருட்படுத்தாமல், கீழே உள்ள சிறு கட்டங்களில் +12 வோல்ட் என்பதற்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது அந்த 12 வோல்ட்டைத்தான். 45 ஆம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டால் பெருக்க, 540 வாட். இது யோக்கியமான 550 வாட் எஸ்.எம்.பி.எஸ். 16 ஆம்பியர் என்றிருந்தால் 192 வாட். மேலே பெரிய எழுத்தில் எதை எழுதியிருந்தாலும், விளையாட்டுக் கணினிக்கு அதனிடமிருந்து கிடைக்கப்போவது அவ்வளவே. ஆர்.டி.எக்ஸ். 5060 டிஐ முழு உழைப்பில் 180 வாட்டும், ரைசன் 5 7600 முழு உழைப்பில் 88 வாட்டும், மற்றவை சுமார் 50, 60 வாட்டும் எடுக்கக் கூடியவை. கூட்டினால் ஏறத்தாழ 330. கண்ணிமைக்கும் நேரத்துக்கு இதையும் தாண்டி எழும்பும் தேவையையும், கோடையின் உஷ்ணத்தையும், நாளை மாற்றப்போகும் கார்டையும் உத்தேசித்து 550 முதல் 650 வாட் வரை வாங்குவது சரியான கணக்கு.

2004-இல் தொடங்கிய 80 பிளஸ் முத்திரையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. அது மின்சாரம் எவ்வளவு விரயமாகாமல் மாற்றப்படுகிறது என்பதற்கான சான்றேயன்றி, பாதுகாப்புக்கான சான்றன்று. 85 சதவீதத் திறனுள்ள எஸ்.எம்.பி.எஸ். 300 வாட் கொடுப்பதற்குச் சுவரிலிருந்து சுமார் 353 வாட் எடுத்து, மிகுந்த 53 வாட்டை உஷ்ணமாக உங்கள் அறையில் விடுகிறது. முத்திரை சொல்வது இந்தக் கணக்கை மட்டுமே. மின்னழுத்தம் மீறினால், சுமை மீறினால், ஷார்ட் ஏற்பட்டால், உஷ்ணம் மீறினால் தானே நின்றுவிடும் பாதுகாப்புகள் உண்டா என்பதைத் தனியே பெட்டியில் படித்து அறியவேண்டும். உற்பத்தியாளர் எத்தனை ஆண்டு வாரண்டி தருகிறார் என்பதும் நம்பத்தக்க அறிகுறி; ஐந்தாண்டுக்குக் குறைந்ததை நான் சிபாரிசு செய்வதில்லை. லேபிளில் உள்ளீடு என்ற இடத்தில் 200 முதல் 240 வோல்ட் வரை என்று மட்டும் இருப்பதற்கும், 100 முதல் 240 வரை என்று இருப்பதற்கும் தாராவியில் பெரிய வித்தியாசம் உண்டு. ஒரே சந்தில் தையல் மிஷின்களும், தோல் வேலைக்கான மோட்டார்களும், தண்ணீர் பம்பும் ஒருமிக்கத் தொடங்கும் காலை நேரத்தில் விளக்கு மங்குவதைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். அகன்ற உள்ளீடு உள்ள எஸ்.எம்.பி.எஸ். அந்தத் தாழ்வைச் சமாளித்துக்கொள்ளும், குறுகியது திடீரென்று கணினியை அணைத்துவிடும்.

இதோடு சேர்ந்தது எர்த் விஷயம். கணினியின் உலோக உடலைத் தொடும்போது விரலில் சிறு கூச்சம்போல ஷாக் தட்டுகிறதென்று பலர் சொல்லி, யந்திரம் கெட்டதென்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வாயிலில் இரைச்சலை வடிகட்டுவதற்கென்று வைத்த சிறு கெப்பாசிட்டர்கள் எர்த் கம்பியோடு இணைக்கப்பட்டிருக்கின்றன; சுவர்ப் பிளக்கில் எர்த் இல்லாவிட்டால் அந்த மிகச்சிறு மின்னோட்டம் போக இடமின்றி, உலோக உடல் முழுவதும் வீட்டு மின்னழுத்தத்தில் ஏறக்குறையப் பாதியில் மிதந்துகொண்டிருக்கும். யந்திரத்தில் குறையில்லை, சுவரில்தான் குறை. பழைய சால்களிலும், மாளா போட்டு உயர்த்திய கோலிகளிலும், மூன்று துளையுள்ள பிளக் இருந்தும் மூன்றாம் துளைக்குப் பின்னால் கம்பியே இல்லாதிருப்பது சகஜம். ஓர் எலெக்டிரீஷியனை அழைத்து, ஃபேசுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லாம்ப் பிரகாசமாக எரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். எரியாவிட்டால் எர்த் போட்ட பிறகே கணினியைக் கொண்டுவாருங்கள். இந்தச் செலவைப் பட்ஜெட்டில் ஓர் உறுப்பாகவே எழுதிக்கொள்ளவேண்டும். மூன்றாவது முள்ளை வெட்டிவிட்டு இரண்டு துளைப் பிளக்கில் செருகுவது உயிரோடு விளையாடும் செயல்.

யு.பி.எஸ். மும்பையில் அவசியமா என்று கேட்பார்கள். சயான், மாஹிம் வரையிலான தீவு நகரத்துக்கு, அதாவது தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும், பெஸ்ட் நிறுவனமும், செம்பூர்ப் பக்கத்துக்கு அதானியும் டாடா பவரும் மின்சாரம் தருகின்றன. மற்ற நகரங்களோடு ஒப்பிடும்போது மின்வெட்டு இங்கே குறைவுதான். எனினும் 2020 அக்டோபர் 12-ஆம் தேதி நகரம் முழுவதும் ஒரே காலையில் நின்றுபோனதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். பெருமழையில் நீர் புகுந்த இடங்களில் பாதுகாப்பை முன்னிட்டு மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் 600 விஏ யு.பி.எஸ். சுமார் 360 வாட்டே தாங்குவதால், முன் சொன்ன 330 வாட்டோடு திரையும் சேரும்போது அது திணறும். 1,000 விஏ வாங்குங்கள், அல்லது அந்தப் பணத்தை எர்த்துக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் போட்டுவிட்டு யு.பி.எஸ்.ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளுங்கள்.

கேபினெட்டைத் தேர்ந்தெடுக்கையில் மும்பையின் சீதோஷ்ணத்தை மனத்தில் கொள்ளவேண்டும். பிற தேசத்து நிபுணர்கள் வெளியிடும் பரிசோதனைகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரை குளிர்ந்த அறையில் நடப்பவை. ஏசி இல்லாத அறையில் ஏப்ரல், மே மாதப் பிற்பகலில் 33, 34 டிகிரி இருக்கும். அறையின் உஷ்ணம் பத்து டிகிரி ஏறினால் உள்ளே இருக்கும் உறுப்புகளின் உஷ்ணமும் ஏறக்குறைய அவ்வளவே ஏறும். ஆகவே அவர்கள் 70 டிகிரி என்று எழுதியதை நீங்கள் 80 என்று வாசிக்கவேண்டும். முன்பக்கம் கண்ணாடியால் மூடிய கேபினெட் இந்த ஊருக்கு ஏற்றதன்று. முன்பக்கம் முழுவதும் வலைபோன்ற துளைகள் உள்ளதும், முன்னால் இரண்டும் பின்னால் ஒன்றுமாக மூன்று விசிறிகள் உள்ளதும், கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி உள்ளதும் வாங்குங்கள். தையல் கூடத்துக்கு மேலேயோ அருகிலோ வசிக்கிறவர்களின் கணினியைத் திறந்து பார்த்தால், ஹீட்சிங்கின் தகடுகளுக்கு இடையே துணிநூல் பஞ்சு ஒரு கம்பளம்போல் படிந்திருக்கும். காற்று புகாமல் பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அத்தகைய இல்லங்களில் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுவதும், ஹீட்சிங்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் சுத்தம் செய்வதும் அவசியம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழைக்காலம் மற்றொரு சோதனை. காற்றின் ஈரம் பல நாட்கள் 80 சதவீதத்துக்குமேல் நிற்கிறது. கடலோரமான மாஹிம் பக்கத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்து, ராமின் பொன்முலாம் பூசிய விளிம்புகளிலும் பிளக்குகளிலும் மெல்லிய படலத்தை ஏற்படுத்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும் கணினி தன் உஷ்ணத்தாலேயே உலர்ந்திருக்கும். மாதக்கணக்கில் நின்றிருப்பதே கெடும். ஆகவே ஜூன், ஜூலையில் திருநெல்வேலிக்குப் போகிற குடும்பங்கள் பிளக்கைக் கழற்றி, கேபினெட்டுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்து, துணியால் மூடிவிட்டுப் போகவேண்டும். திரும்பி வந்ததும் விசிறிக் காற்றில் சிறிது நேரம் உலரவிட்ட பிறகே இயக்கவேண்டும். கிங்ஸ் சர்க்கிளிலும், சயானிலும், தாராவியின் தாழ்ந்த சந்துகளிலும் தரைத்தளத்தில் வசிக்கிறவர்கள் கேபினெட்டையோ எக்ஸ்டென்ஷன் போர்டையோ தரையில் வைக்கவே கூடாது. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவான ஊர் இது. மேசையின்மேல் வைக்கக்கூடிய சிறு அளவுக் கேபினெட்டாகவே தேர்ந்தெடுப்பது இத்தகைய வீடுகளுக்கு அழகுக்காக அல்ல, அவசியத்துக்காக. வாங்கப்போகும் கிராபிக்ஸ் கார்டின் நீளத்தையும் கூலரின் உயரத்தையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொண்டு, கேபினெட்டின் அளவோடு ஒப்பிட்டுவிட்டுச் செல்லுங்கள்.

மென்பொருளைப் பற்றி ஒரு சொல். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-இல் வாலரண்ட் ஆடுவதற்கு டிபிஎம் 2.0-வும் செக்யூர் பூட்டும் இயங்கியிருக்க வேண்டும். மேலே சொன்ன போர்டுகளில் இரண்டும் உண்டு. அசெம்பிள் முடிந்ததும் பயாஸில் அவற்றை இயக்கித் தரும்படி கடையிலேயே கேளுங்கள்.

கடைசியாகப் பில். லாமிங்டன் ரோடில் பெரும்பாலான கடைகள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். வாரநாளில், கூட்டம் சேருமுன், முற்பகலில் போவது நல்லது. விலை பேசி முடிந்ததும், கச்சா பில்லா பக்கா பில்லா என்று கேட்பார்கள். கணினி உறுப்புகளுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம், பில் இல்லாவிட்டால் அதில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவதாகச் சொல்வார்கள். அந்தச் சலுகையை ஏற்கிறவர், கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் மூன்றாண்டும், பிராசசருக்கு மூன்றாண்டும், நல்ல எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு ஐந்தாண்டும் அதற்கு மேலும் கிடைக்கக்கூடிய உத்தரவாதத்தைச் சில ஆயிரம் ரூபாய்க்கு விற்றுவிடுகிறார். வரியை ஏய்ப்பதில் தாமும் பங்காளியாகிறார். பெட்டியில்லாத ட்ரே பிராசசரை மலிவென்று வாங்குகிறவருக்கும் உற்பத்தியாளரின் நேரடி வாரண்டி கிடைப்பதில்லை. பக்கா பில் கையில் இருக்கிறவருக்கோ, சர்வீஸ் மறுக்கப்பட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தை அணுகும் உரிமை உண்டு. 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத பொருளுக்கு மனுக் கட்டணமே இல்லை, 1915 என்ற எண்ணில் ஆலோசனையும் கிடைக்கிறது.

வாங்கிய உறுப்புகளை மாலை நெரிசலில் சாதாரணப் பெட்டியில் ஏற்ற முயலாமல், லோகலின் லக்கேஜ் பெட்டியில் ஏறியோ டாக்சி பிடித்தோ வீடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெட்டிகளை வாரண்டி முடியும்வரை எறியாதீர்கள். கடையில் பணத்தை எடுப்பதற்கு முன், பில்லில் உங்கள் பெயரும், ஒவ்வோர் உறுப்பின் மாதிரியும், பெட்டியின்மேல் உள்ள வரிசை எண்ணும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு வரிசை எண் விடுபட்டிருந்தாலும் அதை எழுதி வாங்கிய பிறகே பணம் கொடுங்கள்.